தொட்டிக்கு எதிர் வீடு

கரண்ட் எப்போது வரும் என்று கேட்காத அழைப்பு அன்றைக்கு அது ஒன்றுதான்.

“எங்க வீட்டுல லைட் எரியுதுங்க. கொஞ்சம் நிறுத்தித் தர முடியுமா?”

மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில் காலையிலிருந்து வசவு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, யாரோ வம்புக்கு இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் பட்டது. ஊரே இருட்டில் கிடந்தது. முந்தின நாள் காற்று எழும்போதே கடலோரம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கும் திரும்பக் கொடுக்கவில்லை. அதனால்தான் ஊர் ஜனம் மொத்தமும் அவள் தலையை உருட்டிக்கொண்டிருந்தது.

“மேடம், கிண்டல் பண்ற நேரமா இது? லைன்ல எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?”

“கிண்டல் இல்லைங்க. பிள்ளைங்க தூங்க மாட்டேங்குதுங்க.”

இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே “தூங்குறீங்களா அங்க எல்லாரும்?” என்று ஆரம்பித்தார். பழகிய திட்டு என்பதால் அவளுக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. அந்த மனிதருக்குப் பாதி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அது என்னவென்று பிடிபட்டது. அவருடைய குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது, எங்கோ தகரம் அடித்துக்கொண்டது, யாரோ கதவை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். அன்று பேசிய அத்தனை பேரின் குரலுக்குப் பின்னாலும் புயல் இருந்தது. அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூட இல்லை.

புயல் பருவம் தொடங்கியபோது நிலைமை இப்படியில்லை. முதல் புயலுக்கு ஊரே கல்யாண வீடு மாதிரி பரபரத்தது. மெழுகுவர்த்தி, பிஸ்கட், பேட்டரி என்று கடைகளைக் காலி செய்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்று குழந்தைகள் குதித்தன. கரையில் நின்று அலையைப் படம் பிடித்தார்கள். அந்தப் புயல்தான் கடலோரத்துக் கடைசித் தெருவில் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போனது. படம் பிடித்தவர்களில் சிலரும் அதோடு போனார்கள். இரண்டாவது புயல் கூரைகளைப் பிய்த்தது. மூன்றாவது காற்றே இல்லாமல் வெறும் மழையாக வந்து, கிளம்பும் எண்ணமே இல்லாத விருந்தாளி போல ஊரில் தங்கிவிட்டது. அதற்குள் எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று. ஜன்னல்களில் அடித்த பலகையை யாரும் கழற்றவில்லை, எப்படியும் இன்னொன்று வரும் என்று பகலிலேயே இருட்டில் இருக்கப் பழகிக்கொண்டார்கள். சுவர்களில் பாசி படர்ந்தது. வாங்கின அன்றே ரொட்டியில் பூசணம் பூத்தது. உலர்ந்த துணியின் வாசனை எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. இப்போது அடிப்பது நான்காவது.

அவளுடைய கணவன் லைன்மேன். “நட்ட கம்பத்தையே திரும்பத் திரும்ப நடுறேன். மரமா இருந்தா இந்நேரம் காய்ச்சிருக்கும்” என்பான். இந்தப் பருவம் முழுக்க அவன் ஈரக் காலுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினான். அவள் ஷிப்டில் இருக்கும்போது அவன் வீட்டுக்கு வருவான், அவள் வீடு திரும்பும்போது அவன் கம்பத்தில் இருப்பான். ஒரே அலுவலகம், ஒரே வீடு, ஆனால் பேசிக்கொள்வது மட்டும் வாக்கிடாக்கியில், நாலு பேர் கேட்க. கடைசியாக நேருக்கு நேர் பேசியது குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. அதுவும் சண்டையாகத்தான் முடிந்தது.

மதியத்துக்கு மேல் காற்று கொஞ்சம் தணிந்தது. ஆஸ்பத்திரிக்கு மட்டுமாவது லைனைச் சரிசெய்யச் சொல்லிக் கடலோரச் சாலைக்கு அவனையும் அவனுடைய கூட்டாளியையும் அனுப்பியிருந்தார்கள். வாசலைத் தாண்ட முதுகை வளைக்க வேண்டிய அந்த நெட்டைக் கூட்டாளிக்கு அலுவலகத்தில் குட்டையன் என்று பெயர். அவர்கள் கிளம்பிய செய்தி வந்ததிலிருந்து அவள் வாக்கிடாக்கியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தாள். அறையில் டீசல் வாடை. சாக்கு விரிப்பில் ஊறிய மழைத்தண்ணீரின் புளித்த வாடை. கீழே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது, அதன் நடுக்கத்தில் மேஜையிலிருந்த டீக் கோப்பை கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. அவள் அதை உள்ளே தள்ளி வைத்தாள்.

அந்தப் பெண் மறுபடியும் அழைத்தாள்.

“லைட்டு இன்னும் எரியுதுங்க.”

“மெயினை ஆஃப் பண்ணுங்க மேடம்.”

“பண்ணியாச்சு. பல்பைக்கூடக் கழட்டிப் பார்த்தாச்சு.”

“ஜெனரேட்டர் வெச்சிருக்கீங்களா?”

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்பது போல ஒரு இடைவெளி. “தெரியலைங்களே. எங்க வீடு கடைசித் தெரு. தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு.”

அவளுக்குப் பகீரென்றது. எரிகிற விளக்கு மற்றவர்களுக்கு நல்ல செய்தி. மின்சார வேலையில் இருப்பவர்களுக்கு, நிறுத்திய லைனில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் அதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. அவசரத்தில் யாராவது ஜெனரேட்டரை வீட்டு வயரோடு நேராக இணைத்துவிடுவார்கள். மெயினை அணைத்தேன் என்று சத்தியம் செய்வார்கள், அணைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கரண்ட் வந்த வழியே திரும்பிக் கம்பத்துக்கு ஏறும். செத்துக் கிடக்கிற கம்பி என்று நம்பித் தொடுகிறவன் அங்கேயே கருகிப்போவான். போன பருவத்தில் அப்படி ஒருவரைக் கம்பத்திலிருந்து இறக்கினார்கள். அவருடைய மனைவிக்கு விஷயத்தைச் சொல்லும் வேலையை இவளிடம்தான் தள்ளிவிட்டார்கள்.

கடைசித் தெருவும் ஆஸ்பத்திரியும் ஒரே லைன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு மேற்பார்வையாளரின் அறைக்கு ஓடினாள். எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பதால் அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“சார், கடைசித் தெருவுல ஒரு வீட்டுல லைட் எரியுதாம். யாரோ ஜெனரேட்டரைத் தப்பாக் கொடுத்திருக்காங்க. நம்ம ஆளுங்க அந்த லைன்லதான் வேலை செய்யறாங்க!”

“ஆகட்டும். யாரையாவது அனுப்பிக் கட் பண்ணச் சொல்லு.”

“யாரை சார் அனுப்புறது? பக்கத்துல இருக்கிறது என் வீட்டுக்காரர்தான்.”

“ஆகட்டும். அவரையே போகச் சொல்லு.”

நனைந்த பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதைப் பெரிய நஷ்டம் போலப் பார்த்தார். அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வாக்கிடாக்கியில் கணவனின் குரல் மழையோடு கரகரத்தது.

“கம்பத்துல ஏறிட்டீங்களா?”

“இல்ல. இப்பத்தான் ஏணியைச் சாத்துறோம்.”

“ஏறாதீங்க. கடைசித் தெருவுல ஒரு வீட்டுல லைட் எரியுது. முதல்ல அதைப் போய்க் கட் பண்ணுங்க. தொட்டிக்கு எதிர் வீடு.”

ஏணியைத் திரும்ப இறக்கும் சத்தம் கேட்டது.

“தொட்டிக்கு எதிர்லயா? அந்தப் பக்கம் ஏது வீடு?”

“எனக்கென்ன தெரியும்? ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. எல்லாத்துக்கும் எங்கிட்டயே குறுக்குக் கேள்வி கேட்டா நான் என்ன பண்ணுவேன்? போய்ப் பார்த்தாத்தானே தெரியும்!”

“சரி சரி, கத்தாத. போறேன்.”

அவன் குரலில் இருந்த சலிப்பு அவளைச் சுட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தொலைபேசியின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னின, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றார் ஒருவர். ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் வீணாகிறது என்றாள் ஒரு கிழவி. வரி கட்டுகிறோமே என்று ஒருவர் பிரசங்கமே செய்தார். எல்லோருக்கும் அதே பதில்: ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைப் பருவம் முழுக்கச் சொல்லிச் சொல்லி, அதில் வரும் ஆட்களில் ஒருவன் தன் புருஷன் என்பதே அவளுக்கு மரத்துப்போயிருந்தது. இன்று மட்டும் சொல்லும்போதெல்லாம் வாக்கிடாக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

பலகை அடித்த ஜன்னலின் இடுக்கில் வெளிச்சம் சாம்பலாகி, பிறகு அதுவும் போயிற்று. இருட்டும் நேரம் இல்லை. மேகம்தான். காற்று மறுபடியும் பலகையைத் தட்டிப் பார்த்தது.

மூன்றாவது முறை அந்தப் பெண் அழைத்தபோது இவளே முந்திக்கொண்டாள்.

“ஆள் வந்துட்டே இருக்காரும்மா. யாரும் எதையும் தொடாதீங்க. வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?”

“எல்லாரும் இருக்கோம்.”

“எல்லாரும்னா?”

“தெருவே எங்க வீட்டுலதான் இருக்கு.”

இந்த முறை குரலுக்குப் பின்னால் சத்தம் இருந்தது. மூச்சு. ஒன்றல்ல, நிறைய. எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்தன. ஒரே நேரத்தில் வெளியே விட்டன. நடுவில் ஒரு குழந்தை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கியது. ஹெட்போனின் பஞ்சு அவள் காதில் சில்லென்று ஒட்டியது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

“எப்பலேர்ந்தும்மா லைட் எரியுது?”

“முதல் புயல்லேர்ந்து.”

அவள் கை தானாக வாக்கிடாக்கியைத் தேடியது.

“யாரோ வர்றாங்க” என்றாள் அந்தப் பெண். குரலில் சந்தோஷம். “மஞ்சள் தொப்பி போட்டிருக்காரு. உங்க ஆளுதானே? பார்க்க நல்லவராத் தெரியறாரு.”

“அவரை உள்ள விடாதீங்க.”

“நீங்கதானே அனுப்பினீங்க?”

“உள்ள விடாதீங்கம்மா! ஐயோ, கதவைச் சாத்துங்க!”

“கதவு ஏதுங்க” என்றாள் அந்தப் பெண். பிறகு வெறும் மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

அவள் வாக்கிடாக்கியை அழுத்தினாள். கூப்பிட்டாள். திரும்பி வரச் சொல்லிக் கத்தினாள். ஆகட்டும் சார் வாசலில் வந்து நின்று, “என்னம்மா ஆச்சு?” என்றார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கரகரப்பு. மழை. கரகரப்பு. கடைசியில் குட்டையனின் குரல் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

“அண்ணி... அண்ணன் உள்ள போயிட்டாரு.”

“கூப்பிடு அவரை! வெளியே கூப்பிடு!”

“இங்க வீடே இல்ல அண்ணி.”

“என்னடா சொல்றே?”

“வாசப்படி மட்டும் இருக்கு. அதுக்கப்புறம் கடல்தான். அண்ணன் படியில இறங்கிப் போனாரு. நான் கத்தினேன். எதிர்ல யாரோ நிக்கிற மாதிரி, இதோ வந்துட்டேங்கன்னு சொல்லிட்டே போனாரு.” அவன் அழுதுகொண்டிருந்தான். “வெளிச்சம் தண்ணிக்கு அடியிலேர்ந்து வருது அண்ணி. தெரு முழுக்க எரியுது. ஜன்னல் ஜன்னலா எரியுது.”

வாக்கிடாக்கி செத்துப்போயிற்று. அதே நேரத்தில் கீழே ஜெனரேட்டர் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றது.

இருட்டு.

அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதி காதை அடைத்தது. சிவப்பு விளக்குகள் அணைந்துவிட்டன. ஊரின் புகார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

“டீசல் தீர்ந்திருக்கும்” என்றார் ஆகட்டும் சார். “காலையிலயே சொன்னாங்க. ஆகட்டும்னு இருந்துட்டேன்.”

“யாரையாவது அங்க அனுப்புங்க சார். கெஞ்சிக் கேக்கறேன். படகு, போலீஸ், யாராவது.”

“ஆகட்டும்மா. போன் இல்லையே. நானே போய்ச் சொல்லிட்டு வரேன்.”

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஓடும் சத்தம் கேட்டது. படிகளில் இறங்கிற்று. வாசல் கதவு அறைந்தது. பிறகு அவள் மட்டும். அந்த மாடியில், அந்தக் கட்டடத்தில், அவள் மட்டும்.

தானும் ஓட வேண்டும் என்று நினைத்தாள். எங்கே? சாலையில் இடுப்பளவு தண்ணீர். அவன் திரும்பி வந்தால் முதலில் இங்கேதான் வருவான். வருவான். நீச்சல் தெரிந்தவன். எத்தனை புயலைப் பார்த்தவன். ஒரு படி தடுக்கி விழுந்திருப்பான், நனைந்திருப்பான், கோபமாக வருவான். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். அவள் இருட்டில் நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி, வந்துவிடுங்கள் வந்துவிடுங்கள் என்று சத்தமாகவே சொன்னாள். அவன்மேல் அவளுக்கு இருந்த எரிச்சல் எல்லாம் கரைந்து, அடியில் இருந்த ஆசை மட்டும் வெறுமையாக நின்று வலித்தது.

காற்று நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மழையும் இல்லை. பலகைக்கு வெளியே ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது.

நடைவழியின் அந்தக் கோடியில், படிக்கட்டுக்கு மேலே, குழாய்விளக்கு ஒன்று படபடத்தது.

எரிந்தது.

கரண்ட் வந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தாள். அழுகையும் சிரிப்புமாக எழுந்தாள். அவள் மேஜைமேல் தொலைபேசி விளக்குகள் எரியவில்லை. மின்விசிறி அசையவில்லை. கீழே ஜெனரேட்டர் ஊமையாகவே கிடந்தது. அந்த ஒரே ஒரு விளக்கு மட்டும்.

பூட்ஸ் சத்தம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை. கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும் அந்த நடை.

“என்னங்க!”

அடுத்த குழாய்விளக்கு எரிந்தது. பூட்ஸ் அதற்குக் கீழே வந்தது. அதற்கடுத்தது எரிந்தது. அவனுக்கு ஒரு அடி முன்னால், ஒவ்வொன்றாக.

அவள் வாசலுக்கு ஓடினாள். ஓடியவள் நின்றாள்.

அவன்தான். மஞ்சள் தொப்பி. தோளில் கயிறு. அவன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இந்தப் பருவத்தில் முதல் முறையாக அவன் உடைகள் காய்ந்திருந்தன. கண்களை இறுக மூடியிருந்தான். மூடிய இமைகளுக்குள் வெளிச்சம் இருந்தது. இமையின் மெல்லிய நரம்புகள் சிவப்பாகத் தெரிந்தன.

“ரொம்ப வெளிச்சமா இருக்கு” என்றான். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும். “நிறுத்தேன்.”

“என்னங்க... என்ன ஆச்சு உங்களுக்கு?”

“நான் நிறுத்திப் பார்த்தேன். என்னால முடியல. உங்கிட்டச் சொன்னா ஆகும்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

அவன் கொஞ்சம் ஒதுங்கினான்.

நடைவழி நீளத்துக்கும் விளக்குகள் எரிந்தன. அவற்றின் கீழே அவர்கள் நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர், கழுத்தில் கேமராவோடு ஒருவன், கைகோத்த இரண்டு சிறுமிகள், அவர்களுக்குப் பின்னால் இன்னும், படிக்கட்டு வரைக்கும், படிக்கட்டுக்குக் கீழேயும். யாரும் முண்டியடிக்கவில்லை. புகார் கொடுக்க வந்தவர்கள் நிற்பது போல வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய கண்களும் மூடியிருந்தன. எல்லோருடைய இமைகளும் ஒளிர்ந்தன. மூச்சு ஒரே நேரத்தில் உள்ளே போனது. ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

அவள் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

கண் கூசியது. சுவரைத் தடவினாள். சுவிட்ச் தட்டுப்பட்டது. அழுத்தினாள். விளக்கு எரிந்தது. திரும்ப அழுத்தினாள். எரிந்தது. மேலே, கீழே, மேலே, கீழே, விரல் நுனி தேயும்வரை.

“கொஞ்சம் சீக்கிரம்மா” என்றான் அவன்.

வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.